மெல்பர்னில் ஒரு போத்தல் பதநீர்

சிட்னி விமான நிலையத்தில் என் பையைச் சோதித்த பெண் அதிகாரி, உள்ளேயிருந்த கருப்பட்டி ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்துவிட்டு, "சோப்பா?" என்று கேட்டார். தின்பது என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை. ஓர் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்று காட்டினேன். இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். கடைசியில் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். அம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டி இப்படியாக ஆஸ்திரேலியாவுக்குள் வந்து சேர்ந்தது. அம்மா சொன்ன இன்னொரு பொருளை இங்கே வந்துதான் தேட வேண்டியிருந்தது.

என் தம்பி பாலு மெல்பர்னில் இறந்து அன்றைக்கு இருபத்தேழாவது நாள். வயது நாற்பத்தாறு. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே சாய்ந்திருக்கிறான், மாரடைப்பு. எனக்கு விசா வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் காரியத்துக்காவது போய்ச் சேர்வோம் என்று கிளம்பினேன். மூட்டுவலியால் வாசற்படி தாண்டாத அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான். "படையல்ல அவனுக்குப் பதனி வைக்கணும். சனிக்கிழம தவறாமக் குடிப்பாம்லா. உன் கையால வைய்யி."

பதநீரைத் திருச்செந்தூர்ப் பக்கம் நாங்கள் பதனி என்போம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பனஞ்சாறு அது. புளிக்காது, போதை கிடையாது. சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அதே சாறு கள்ளாகிவிடும். எங்கள் அப்பா கள்ளில் ஆரம்பித்துச் சாராயத்தில் முடிந்தவர். அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா எங்கள் இரண்டு பேரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கற்பூரத்தை ஏற்றி, அதன்மேல் கையை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். அப்போது எனக்குப் பதினேழு வயது, பாலுவுக்கு ஒன்பது. எனக்கு இப்போது ஐம்பத்து நான்கு. இன்றுவரை ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

பாலு ஆஸ்திரேலியா போன பிறகு சனிக்கிழமைதோறும் வீடியோவில் அம்மாவோடு பேசுவான். கையில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் இருக்கும். அதில் இளமஞ்சளாக ஏதோ ஒன்று, மேலே பொடி நுரை. "என்னல அது?" என்று அம்மா முதல் தடவை கேட்டபோது, "பதனிம்மா. இங்க எல்லாம் கிடைக்கும்" என்றான். அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு வாரமும் "பதனி குடிச்சியாய்யா?" என்று விசாரிப்பார். நானும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். நான் கரண்ட் ஆபீசில் லைன் இன்ஸ்பெக்டர். எங்கள் செக்ஷனில் கம்பியில் உரசும் பனைகளை ஒன்றுவிடாமல் சொல்வேன். அந்த நாட்டில் பனை ஏது என்று அப்படிப்பட்ட எனக்கே ஒருநாளும் தோன்றவில்லை.

விமான நிலையத்துக்கு நடா அங்கிள் வந்திருந்தார். பாலுவின் மனைவி தர்சினி யாழ்ப்பாணத்துப் பெண். அவளுடைய சித்தப்பா இவர். எழுபது வயது. சிட்னியிலேயே நார்த்மீட்டில் வீடு. காரியத்துக்காக அவர் மெல்பர்னுக்குக் காரில் போவதாக இருந்தது, நானும் அதில் தொற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. "கதிரையில இருங்கோ தம்பி, களைச்சுப் போனியள்" என்று உட்கார வைத்து இடியப்பமும் சொதியும் போட்டார். தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்ட அந்தச் சொதியை எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு மறுநாள்தான் வைப்போம். துக்க வீட்டுக்காரனாக அதைச் சாப்பிடுவது சங்கடமாக இருந்தது. ஆனால் பசி. இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வழியாகப் போனோம். அங்கிள் காரை எதிர்ப்புறம் நிறுத்தி, இறங்கி, தெருவிலேயே நின்று கும்பிட்டார். "துடக்கு. உள்ளுக்குப் போகேலாது" என்றார். எங்கள் வழக்கப்படி பதினாறோடு தீட்டு கழிந்துவிட்டது. நான் உள்ளே போயிருக்கலாம். இவர்களுக்கு முப்பத்தொன்று. ஒரே சாவுக்கு இரண்டு கணக்கு. அவரைத் தெருவில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. நானும் அவர் பக்கத்திலேயே நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

வழியெல்லாம் நான் மின்கம்பங்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாமே மரக்கம்பங்கள். இவ்வளவு வசதியான நாட்டில் இன்னும் மரத்தை நட்டு வைத்திருக்கிறார்களே என்று ஆச்சரியம். பாலுவிடம் போன் பண்ணிக் கேட்க வேண்டும் என்று நினைத்துக் கையைப் பைக்குள் விட்டேன். பிறகு வெறுங்கையாக எடுத்துவிட்டேன்.

கண்டகை என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்னால் கார் சூடாகி, முன்பக்கம் புகைந்து நின்றுவிட்டது. உதவி வண்டிக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் காய்ந்த புல்வெளியில் ஆடுகள். அங்கிள் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு பாலுவைப் பற்றிப் பேசினார். "நல்ல பிள்ளை. பாவிச்சாலும் கொஞ்சமாத்தான் பாவிச்சவர். சனிக்கிழமையில மட்டும்."

எனக்குப் 'பாவி' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. "ஆமாங்க, பாவம்தான்" என்றேன்.

"அதில பாவம் ஒண்டும் இல்லைத் தம்பி. அளவாப் பாவிச்சா என்ன பாவம்?"

பெரியவர் ஏதோ தத்துவம் பேசுகிறார் என்று நினைத்துத் தலையாட்டி வைத்தேன்.

பொயிண்ட் குக்கில் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி புல்தரைகள். தர்சினி கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். எனக்கும் பாலுவுக்கும் ஒரே முக ஜாடை. பன்னிரண்டு வயது மகள் அபி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டாள்.

காலையில் குசினியில் வைத்துத் தர்சினியிடம் கேட்டேன். "அம்மா ஒன்னு சொல்லி விட்டாங்க. படையல்ல பதனி வைக்கணுமாம். இங்க எங்க கிடைக்கும்?"

அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, கதவோரத்திலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தாள். பாதி காலியாக இருந்தது. வாயில் ஒரு தேக்கரண்டியின் காம்பு செருகியிருந்தது.

"இதுதான் அண்ணா அவற்ற பதனி. நாங்கள் ஊரில கருப்பணி எண்டு சொல்லுறனாங்கள். கடைசிச் சனிக்கிழமை அவர்தான் திறந்தவர். கரண்டி வச்சா நுரை போகாது எண்டு சொல்லுவார். எறிய மனம் வரேல்லை."

சீட்டில் மொஸ்காட்டோ என்று போட்டிருந்தது. இத்தாலிய வெள்ளை வைன். அப்போதுதான் நடா அங்கிள் சொன்ன 'பாவிச்சவர்' எனக்கு விளங்கியது. அவர்கள் பேச்சில் அது குடிப்பது. தம்பி குடித்ததற்கு நானே நடுரோட்டில் உட்கார்ந்து 'ஆமாங்க' போட்டிருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. செத்துப் போனவன்மேல் கோபப்படக் கூடாது என்று தெரியும். ஆனாலும் வந்தது. முப்பத்தேழு வருஷம் நான் எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை பணிநிறைவு விருந்தில் கேலிப் பேச்சு வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றிருக்கிறேன். இவன் அம்மா கண்முன்னாலேயே, அம்மாவிடம் பேசிக்கொண்டே குடித்திருக்கிறான்.

"அப்பன் குடிச்சுச் செத்த வீடும்மா எங்க வீடு. இதை இலையில வைக்க எனக்குக் கை வராது" என்றேன்.

தர்சினி கோபப்படவில்லை. "எட்டாம் நாள் படைக்கேக்க நானும் வைக்கேல்லை அண்ணா. நீங்கள் வந்து முடிவெடுப்பீங்கள் எண்டு விட்டனான். நீங்கள் வேண்டாமெண்டா வேண்டாம். ஆனா உங்கட அம்மா கேட்டா நீங்கள்தான் பதில் சொல்லோணும்." கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னாள். "அவர் இதை வாங்கிற கடைக்காரிக்கு இன்னும் விஷயம் தெரியாது. போய்ச் சொல்ல எனக்கு ஏலாமக் கிடக்கு."

நான் போகிறேன் என்றேன். ஆறுதல் சொல்லப் போகவில்லை. என் தம்பிக்கு ஊற்றிக் கொடுத்த பெண்பிள்ளை யாரென்று பார்த்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் புறப்பட்டேன். ரயிலில் உட்கார்ந்து அந்த நாலு வார்த்தையையும் ஆங்கிலத்தில் கோத்துக்கொண்டே போனேன்.

நகரத்தில் டிராம் மாற வேண்டும். கோபத்தில் திசை பார்க்காமல் ஏறிவிட்டேன். கடைத்தெருவுக்குப் பதிலாக ஏதோ மரங்கள் அடர்ந்த சாலையில் போய்க்கொண்டிருந்தது. இறங்க மணி அடிக்க வேண்டும் என்பதும் தெரியாது. பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த சீனக் கிழவர் என் கையிலிருந்த முகவரிச் சீட்டைப் பார்த்தார். எழுந்து மணியை அழுத்தி, என்னோடு தானும் இறங்கி, எதிர்த் திசை நிறுத்தத்தில் என்னை நிறுத்திவிட்டு அடுத்த வண்டியில் தன் வழியே போனார். எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை. என் கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

லைகன் தெருவில் இத்தாலியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கடை சின்னது. உள்ளே நுழைந்தால் பாலாடைக்கட்டி வாசனை முகத்தில் அடித்தது. எங்கள் கருவாட்டுக் கடையைப்போல் பழகினால்தான் நிற்கலாம். கல்லாவில் இருந்த பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும், பெயர் தெரேசா. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "பாலு, எங்கே போய்விட்டாய் இத்தனை வாரம்?" என்றார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார்.

கோத்து வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போயின என்று தெரியவில்லை. "நான் பாலு இல்லை. அவன் அண்ணன். பாலு இறந்துவிட்டான்" என்றேன். என் ஆங்கிலம் அதற்குத்தான் போதுமானதாக இருந்தது.

அவர் எழுந்து போய்க் கடைக்கதவில் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, எனக்கு ஒரு நாற்காலி போட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தார்.

"முதல் நாள் வந்து என்ன கேட்டான் தெரியுமா? குடிக்காதவன் குடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்" என்றார். "இத்தனை வருஷக் கடையில் அப்படி யாரும் கேட்டதில்லை. சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன் என்றான்."

அவர் எடுத்துக் கொடுத்தது மொஸ்காட்டோ. வட இத்தாலியில் தன் அப்பா பிறந்த மலைப்பக்கத்துத் திராட்சை என்றார். மற்ற வைனில் சர்க்கரை முழுவதும் நொதித்துப் போதையாகிவிடுமாம். இதை மட்டும் பாதியிலேயே குளிரவைத்து நொதிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் இனிப்பு மிஞ்சுகிறது, போதை கொஞ்சம்தான். அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு ஞாபகம் வந்தது. அங்கே சுண்ணாம்பு, இங்கே குளிர். ஆனால் சுண்ணாம்பு நொதிக்கவே விடாது, குளிர் பாதி விட்டுத்தான் பிடிக்கும். என் தம்பி சொன்னதில் பாதி உண்மை, பாதி பொய். அதற்குமேல் அவனைத் திட்ட எனக்கு முடியவில்லை.

ஒரு தட்டில் பீச் பழத்துண்டுகள், கொட்டைப் பருப்பு அரைத்துச் செய்த கேக், நீலப் பூஞ்சை ஓடிய பாலாடைக்கட்டி எல்லாம் வைத்தார். இவைதான் அதற்குச் சேர்த்தியாம். "ஒரே ஒரு விஷயம். வைனைவிட இனிப்பானதை அதோடு வைக்காதே. வைத்தால் இது தண்ணீராகிவிடும். பாலு கேட்கவில்லை. ஏதோ ஒரு பலகாரம், எண்ணெயில் சுட்ட வெல்லப் பணியாரம்போல, அதோடு குடித்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வந்து ஒப்புக்கொண்டான்."

"அதிரசம்" என்றேன்.

"அதேதான். உறைப்புக்குத்தான் சேரும் என்று கண்டுபிடித்தவன் அவன்தான். பொரித்த மீன், நண்டு, காரமாக ஒரு குச்சி..."

"காரச்சேவு."

"எனக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு மிடறு குடித்ததும் சரியாகிவிட்டது." சொல்லும்போதே அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, காரச்சேவு இல்லாமலே.

எனக்கும் ஒரு சின்னக் கிளாஸில் ஊற்ற வந்தார். வேண்டாம் என்றேன். வற்புறுத்தவில்லை. கேக்கை மட்டும் தின்றேன். கிளம்பும்போது கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் கொடுத்தார். கழுத்தில் ரப்பர் வளையம் போட்டு ஒரு சீட்டு. அதில் பாலு என்று எழுதியிருந்தது. வாரா வாரம் எடுத்து வைப்பதாம். வாங்காமல் வர முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து செய்ய வேண்டியதைச் செய்தார். மறுநாள் மச்சப் படையல். மீனும் இறைச்சியுமாகச் செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இவர்கள் அன்றைக்குத்தான் வைக்கிறார்கள். தர்சினி விடிந்ததிலிருந்து குசினியில் நின்றாள். நண்டுக் கறி, மிளகாய்த் தூளில் புரட்டிப் பொரித்த மீன், கணவாய், சோறு. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியையும் காரச்சேவையும் வைத்தேன். போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இலை நிறைந்துவிட்டது. வலது மூலையில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. அம்மா இந்நேரம் எழுந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் போத்தலை எடுத்து வந்தேன். வாழ்க்கையில் கார்க் திறந்தவன் இல்லை. நடா அங்கிள் திருகிக் கொடுத்தார். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றப் போனேன். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாத அபி, "அதுல இல்ல பெரியப்பா" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஒரு கண்ணாடிக் கிளாஸைக் கொண்டுவந்து நீட்டினாள். வீடியோவில் நான் பார்த்த அதே கிளாஸ். பதநீர் ஊற்றுவதுபோல் விளிம்புவரை ஊற்றி, என் கையால் இலையில் வைத்தேன்.

கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே புல்தரையில் நின்றோம். பத்து நிமிஷம். தர்சினி அபியைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். எனக்கு உள்ளங்கை மட்டும் சுட்டுக்கொண்டே இருந்தது.

படைத்ததை வீட்டார் பகிர்ந்து உண்ண வேண்டும். கிளாஸ் என் கைக்கு வந்தது. மூத்தவன், நான்தான் ஆரம்பிக்க வேண்டும். அம்மா கொடுத்தனுப்பியதாயிற்றே என்று கருப்பட்டியை ஒரு கடி கடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தேன். வெறும் தண்ணீர். லேசாகப் புளிப்பு. இதற்காகவா சத்தியத்தை விட்டாய் என்று பாலுவைக் கேட்கத் தோன்றியது.

தர்சினி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பிடியில்லை அண்ணா" என்று பொரித்த மீனில் ஒரு துண்டைப் பிட்டு என் கையில் வைத்தாள். தின்றேன். உறைப்பு காதுவரை ஏறியது. மறுபடி ஒரு மிடறு.

இனித்தது. பூவும் பழமும் கலந்த வாசனையோடு, நாக்கில் பொடிப்பொடியாக நுரைத்து இனித்தது. இந்த இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. செய்தி வந்த நாளிலிருந்து நான் அழவில்லை. தம்பி பெண்டாட்டி, பிள்ளை முன்னால் அன்றைக்கு அழுதேன்.

பிறகு வெளியே போய் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஊரில் காலை எட்டு மணி. முதல் மணியிலேயே எடுத்தார்.

"பதனி வச்சியாய்யா?"

"வச்சேம்மா."

"நீ குடிச்சியா?"

பொய் சொல்ல நினைத்தேன். "குடிச்சேன்" என்றேன்.

"எப்படி இருந்துச்சு?"

"மொதல்ல கருப்பட்டியத் தின்னுட்டுக் குடிச்சேன். சப்புன்னு இருந்துச்சு. அப்புறம் மீனத் தின்னுட்டுக் குடிச்சேன். நல்லா இனிச்சுச்சும்மா."

போனில் அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது.

"சரிய்யா" என்றார். "தம்பிக்காக ஒரு நாள் குடிச்சிட்ட. இனிமே நீ அதைத் தொடாத."

போனை வைத்த பிறகும் நான் புல்தரையிலேயே நின்றிருந்தேன். எங்கள் ஊரில் பதநீரைத் தொடாதே என்று எந்தத் தாயும் பிள்ளையிடம் சொன்னதில்லை.